குப்பை வண்டி வால்ட்ஸ்

மழையில் நனைந்த ஆர்மோனியத்தின் வயிற்றில் யாராவது ஏறி மிதித்தால் எப்படிக் கத்தும்? அப்படித்தான் இருக்கும் அந்த இசை. காலையில் நான் பல் விளக்கி முடிப்பதற்குள் குளியலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். ஒரு உய்ங், ரெண்டு ஙய்ங். மறுபடி ஒரு உய்ங், ரெண்டு ஙய்ங். அதைக் கேட்டுக்கொண்டு குடித்தால் காப்பி திரிந்துபோன மாதிரியே இருக்கும். ஒரு நாள் நிஜமாகவே பால் திரிந்துவிட்டது. அதற்கும் அந்தப் பாட்டுதான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பாட்டு வருவது கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து. துடியலூரில் எங்கள் குடியிருப்பு மூன்றே மாடிதான், ஆனாலும் கட்டினவர் தூணுக்குப் பஞ்சம் வைக்கவில்லை. அந்தத் தூண்களுக்கு நடுவே முதல் மாடித் தம்பிதுரையின் மகள் லோகப்பிரியா சக்கர பூட்ஸ் மாட்டிக்கொண்டு, ஒற்றைக் காலைப் பின்னால் தூக்கி, கொக்கு மாதிரி வளைந்து வளைந்து போவாள். கல்லூரியில் படிக்கிற பெண். நல்ல பெண்தான். ஆனால் ஆடும்போது அந்த முகம் இருக்கிறதே! விளக்கெண்ணெய் குடித்த குழந்தை இதைவிடச் சிரித்த முகமாக இருக்கும்.

என்ன ஏது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. லிஃப்டில் அவளுடைய அம்மா சாந்தாமணியை மடக்கினேன்.

"ஏனம்மணி, உம்பட பொண்ணு கீழ என்ன பண்ணுது?"

"ஐஸ் டான்ஸுங்கக்கா."

"ஐஸ் எங்க இருக்குது அங்க? ஆயில் ஒழுகுன தரைதான இருக்குது?"

"ஐஸ் மால்ல இருக்குதுங்க. வாரத்துல ரெண்டு நாள் அங்க போகும். மத்த நாளெல்லாம் இங்க சக்கரத்துல பழகுது."

"ஐஸ்ல வழுக்காதா?"

"வழுக்கறதுதானுங்கக்கா ஆட்டமே," என்றாள் சாந்தாமணி. அவளுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. நான் விடவில்லை. லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு மிச்சத்தையும் கறந்துவிட்டேன்.

ஐஸ் டான்ஸில் பேட்டர்ன் என்று ஒன்று உண்டாம். எந்த இடத்தில் எந்தக் கால், எங்கே வளைய வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் எல்லாம் எவரோ ஒரு வெள்ளைக்காரர் எப்போதோ போட்டுவைத்த கோலம். புள்ளி தப்பக் கூடாது. பாட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதுவும் இவள் ஆடுகிற வால்ட்ஸுக்கு மூன்று தட்டுப் பாட்டாக இருக்க வேண்டும்; வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அவளுடைய கோச் ஹாரிகா, ஐதராபாத்துப் பெண், ஆர்கனில் வாசித்த பாட்டுகளாகப் பொறுக்கிக் கொடுத்து இதில் பழகு என்று சொல்லிவிட்டாள். அத்தனையும் ஒரே அழுகை.

அந்த அழுகையில் ஆடித்தான் போன தேர்வில் லோகப்பிரியாவுக்குக் கால் ரெண்டும் பாஸ், முகம் ஃபெயில். வடக்கேயிருந்து வந்த தேர்வாளர் அம்மா, 'இந்தப் பெண் இசையை ரசிக்கவே இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். தேறினால்தான் வடக்கே நடக்கிற போட்டிக்குப் போகலாம். தம்பிதுரை மகளிடம் சொல்லிவிட்டார்: "இன்னொரு வாட்டி பாப்போம் சாமி. அப்பவும் ஊத்திக்கிச்சுன்னா பூட்ஸைக் கழட்டிப்போட்டுப் படிப்பை மட்டும் பாரு."

தம்பிதுரைக்குப் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை. அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வாடை படியேறி வந்துவிடும். அன்று சாயங்காலம் மூக்கைத் திருப்பிக்கொண்டே அவரிடமும் கேட்டேன்.

"ஏனுங், பொண்ணு ஐஸ்ல ஆடுதாமா?"

"ஆமாங்க. எங்க பண்ணையில இருந்து ஐஸுக்குப் போறதெல்லாம் கழுத்தறுத்துப்போட்டுத்தான் போகுது. இது ஒண்ணுதான் உசுரோட போகுது," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவருக்கு இதில் பெரிய பிரியமில்லை என்று தெரிந்தது.

மறுநாள் லோகப்பிரியாவையே படியில் பிடித்தேன்.

"கண்ணு, தப்பா நெனச்சுக்காத. அந்தப் பாட்டைக் கேட்டா எனக்குக் குமட்டுது."

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், பொத்தென்று படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும்தானுங்க அத்தை! கால் எடுத்து வெக்கறதுக்கு முன்னாடியே வவுத்தைப் பெரட்டுது. இதுல சிரி சிரின்னா எப்படிங்க சிரிக்கறது?"

"வேற பாட்டுத் தேடறதுதான?"

"தேடறேனுங்க. எனக்குப் புடிச்சதெல்லாம் நாலு தட்டு. மூணு தட்டுல இருக்கறதெல்லாம் தூக்கம் வருது, இல்லைன்னா அழுகை வருது."

அன்றிலிருந்து பாட்டுத் தேடுவது குடியிருப்பின் பொது வேலையாகிவிட்டது. அதில் எனக்கும் கொஞ்சம் பங்குண்டு. சமாச்சாரம் சும்மாவா மூன்று மாடி ஏறும்? சாந்தாமணி ஒரு முருகன் பாட்டு கொடுத்தாள். அது நாலு தட்டு, போதாததற்கு நடுவில் சங்கு வேறு. நான் ஒரு தாலாட்டு பாடிக் காட்டினேன். மூன்று தட்டுதான், சரியான வேகம்தான். ரெண்டு சுற்று ஆடியதும் அந்தப் பெண் கொட்டாவி விட்டது. இரண்டாவது மாடி ரம்ஷா, அவளுடைய தோழி, போனில் எதையோ போட்டாள். பாத்திரக்கடை சரிந்து விழுகிற மாதிரி இருந்தது. "இதுல எங்க இருக்குது மூணு தட்டு?" என்று கேட்டேன். "உள்ள இருக்குதுங்க ஆன்ட்டி," என்றாள். உள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தம்பிதுரை வள்ளி கும்மி வைக்கச் சொன்னார். இப்போது எந்த நோம்பி, திருவிழாவுக்குப் போனாலும் ஒரே நிறச் சேலையில் ஊரே கும்மி ஆடுகிறதே, அவரும் ஒரு குழுவில் பச்சைச் சட்டை போட்டு ஆடுகிறவர். "மூணு மூணாத்தான் சாமி வரும், வெச்சுப் பாரு," என்றார். உண்மைதான், அழகாக மூன்று மூன்றாகத்தான் வந்தது. லோகப்பிரியாவின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. ஆனால் கும்மிப் பாட்டு ஒரே வேகத்திலா நிற்கும்? மெதுவாக ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகும், கடைசியில் ஆடுகிறவர்களுக்கு அருள் வந்த மாதிரி இருக்கும். பாட்டு ஏற ஏற இவளும் ஏறினாள். நாலாவது தூணில் திரும்ப முடியாமல் நேராகப் போய் அப்துல் நாசர் பாயின் ஸ்கூட்டரில் விழுந்தாள்.

நாசர் பாய் ரம்ஷாவின் அப்பா, எங்கள் சங்கச் செயலாளர். கோட்டைமேட்டில் அத்தர் கடை. ஸ்கூட்டர் பெட்டியில் புட்டி புட்டியாக அத்தர். அத்தனையும் உடைந்து, ரோஜாவும் மல்லியும் சந்தனமும் தரையிலிருந்த எஞ்சின் ஆயிலில் கலந்து, அதன்மேல் தம்பிதுரையின் கோழி வாடையும் ஏறி... பேரே வைக்க முடியாத அந்த நாற்றம் ரெண்டு வாரம் எங்கள் சோற்றில் இருந்தது. பாய் நல்ல மனிதர், பெண் பிள்ளைக்கு அடிபடவில்லையே என்றார். அப்புறம் போய்த் தன் மூக்கைக் கழுவிக்கொண்டார்.

அதோடு தேடல் முடிந்தது என்றுதான் நினைத்தேன். லோகப்பிரியாவும் மறுபடி அந்த நனைந்த ஆர்மோனியத்துக்கே திரும்பிவிட்டாள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் நாளுக்கு நாள் ஊறப்போட்ட புளி மாதிரி ஆகிக்கொண்டே போனது.

அப்புறம்தான் அந்தக் காலை.

எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி ஓட்டி வருகிறவள் பங்காரம்மா. வண்டி முன்னால் ஒரு துருப்பிடித்த ஸ்பீக்கர். அதில் ஒரு பாட்டு பாடிக்கொண்டே வரும். பச்சை வாளியில் ஈரக் குப்பை, நீல வாளியில் உலர்ந்த குப்பை, அதுதான் பாட்டின் மொத்த சாரம். வண்டி மேட்டில் ஏறும்போது பாட்டு இழுக்கும், இறக்கத்தில் ஓடும். அந்தப் பாட்டு கேட்டதும் எங்கள் மூன்று மாடியும் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடும். கேட்காத மாதிரி இருந்தால் பங்காரம்மாவின் வாயைக் கேட்க வேண்டிவரும்.

அன்று எல்லா வீட்டிலும் மீன் வாங்கிய மறுநாள். நான் என் வாளியை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கினேன். வண்டி கேட்டில் நின்று பாடிக்கொண்டிருந்தது. அதன் எதிரில் லோகப்பிரியா, இடுப்பில் பச்சை வாளியோடு, சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள்! கண்ணை மூடிக்கொண்டு! வாளி விரிசலிலிருந்து மீன் கழுவின தண்ணீர் சொட்டிச் சொட்டி, அவள் போன வழியெல்லாம் தரையில் கோலம் போட்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"ச்சீ! ஏ கண்ணு! கால் மேல ஊத்துது பாரு!" என்று கத்தினேன்.

"மூணு தட்டுங்கத்தை!" என்றாள் அவள். "வேகம்கூட அதேதானுங்க! கேளுங்க, தம்-தக்க, தம்-தக்க!"

"ஆடறதுன்னா ஊட்டுக்குள்ள போயி ஆடு தாயி," என்றாள் பங்காரம்மா. "வாளியக் குடுத்துப்போட்டுப் போ. எனக்கு இன்னும் நாலு தெரு இருக்குது."

ரம்ஷா அந்தப் பாட்டைப் போனில் பிடித்தாள். நாய் குரைப்பையும் பங்காரம்மாவின் அதட்டலையும் எப்படியோ எடுத்துவிட்டு, வேகத்தையும் சரி செய்து கொடுத்தாள். ஹாரிகாவுக்குத் தமிழ் அரைகுறை. பச்சை என்றும் நீலம் என்றும் வருவதால் ஏதோ வயலையும் வானத்தையும் பற்றிய பாட்டு என்று எண்ணிக்கொண்டு, ரொம்ப இனிமை, தேர்வுக்கே இதை வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். அவளிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் நமநமத்தது. சாந்தாமணி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் லோகப்பிரியா கீழே ஸ்பீக்கரை வைத்துப் பாட்டைப் போட்டாளோ இல்லையோ, மூன்று மாடியும் வாளியோடு தடதடவென்று இறங்கிவிட்டது. வண்டி இல்லை. தூணுக்கு நடுவில் பாவாடை மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு இந்தப் பெண் ஆடிக்கொண்டிருக்கிறது. திரும்பத் தூக்கிக்கொண்டு ஏற யாருக்கு மனசு வரும்? வரும்போது வரட்டும் என்று வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் நிஜ வண்டி வந்து பாடியது. "அந்தப் பொண்ணு ஆடுது" என்று ஒருவரும் இறங்கவில்லை. வாளியைக் கையில் கொடுத்தால்தான் வாங்குகிற பங்காரம்மா கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாள் வாளிகளில் வெள்ளையாக ஏதோ நெளிய ஆரம்பித்தது. என்ன என்று நான் சொல்ல மாட்டேன், படிக்கிறவர்கள் சாப்பிட்டிருப்பீர்கள்.

நாசர் பாய் சங்கக் கூட்டம் போட்டார். கூட்டம் கீழேதான் நடக்கும். அத்தர் தோய்த்த கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பேசினார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லலீங்க. ஆனா என் கடைக்கு வர்றவங்க என்னைய மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க. இந்தப் பாட்டை நிறுத்தணும்."

"நிறுத்துனா எம்பட பொண்ணு எங்கீங்க பழகும்?" என்றாள் சாந்தாமணி. "தேர்வு கிட்டக்க வந்திருச்சு. இதுல போச்சுன்னா அத்தோட முடிஞ்சுதுங்க, அவங்கப்பா பூட்ஸைக் கழட்டிப்போடுவாரு."

லோகப்பிரியா பூட்ஸ் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இதுக்கு எதுக்குங்க பாய் இத்தனை ரோசனை?" என்றேன். "வண்டி வர்ற நேரத்துலயே புள்ளை ஆடட்டும். பாட்டு ரெண்டும் ஒண்ணுதான? கேட்டவங்க வாளியோட வரட்டும், வண்டியும் நிக்கும், ஆட்டமும் நடக்கும்."

எல்லாரும் சரி என்றார்கள். நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த யோசனையின் லட்சணம் மறுநாளே தெரிந்தது.

பங்காரம்மாவின் வண்டி கேட்டில் பாடும். உள்ளே லோகப்பிரியா ஆடுவாள். அவள் போகிற கோலத்தில் புள்ளிக்குப் புள்ளி ஒரு வாளி. பழைய சாம்பார் ஒருபக்கம், குழந்தைத் துணி ஒருபக்கம், தம்பிதுரை வீட்டிலிருந்து கோழி இறகும் குடலும் ஒருபக்கம். தரையெல்லாம் வழவழ. "ஐஸ் மாதிரியே இருக்குதுல்ல கண்ணு?" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு ஆடினாள். மூச்சு விட வேண்டிய இடம் வந்தால் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு விட்டாள். நாங்களோ, கேட்டில் அந்தப் பாட்டு ஆரம்பித்த நொடியிலேயே, வாளி இருக்கிறதோ இல்லையோ, முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோகப் பழகிவிட்டோம்.

தேர்வுக்கு முந்தின நாள் சாந்தாமணி என் வீட்டுக்கு வந்து அழுதாள். மாலில் கடைசிப் பயிற்சியில் பாட்டைப் போட்டதுமே பெண்ணின் முகம் பழையபடி கோணிக்கொண்டதாம். "அந்த அழுகைப் பாட்டைவிட மோசம், என்ன ஆச்சு உனக்கு?" என்று ஹாரிகா கேட்டாளாம். "பாட்டு கேட்டாலே குப்பை வாடை அடிக்குதும்மா" என்று லோகப்பிரியா வீட்டில் வந்து படுத்துக்கொண்டதாம். அவள் ஆசைப்பட்டுக் கண்டுபிடித்த ஒரே பாட்டு. அதையும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து நாற அடித்துவிட்டோம்.

தேர்வு காலையில், மால் திறப்பதற்கு முன்னால். நான் போகாமல் இருப்பேனா? நான், நாசர் பாய், ரம்ஷா, சாந்தாமணி, பண்ணையிலிருந்து நேராக வந்துவிட்ட தம்பிதுரை, இன்னும் எங்கள் மாடிக்காரர்கள் எல்லாரும் வண்டி பிடித்துக்கொண்டு போய்விட்டோம். வாசலில் வாடகை பூட்ஸ் கவுன்ட்டர். ஊரெல்லாம் போட்டுக் கழட்டின ஈர சாக்ஸ் ஒரு கூடை நிறைய. நாசர் பாய் அதைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டார். அதைத் தாண்டி உள்ளே போனால் குளிர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் வெள்ளையாக ஐஸ். எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள்.

அதே தேர்வாளர் அம்மா, கழுத்துவரை கோட்டு போட்டுக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்தார். லோகப்பிரியா நடுவில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. தம்பிதுரை மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், காலைப் பார்க்கவே இல்லை.

பாட்டு ஆரம்பித்தது. பச்சை வாளி, நீல வாளி.

முதல் வளைவிலேயே அவள் மூக்கு சுருங்கியது. உதடு கோணியது. இரண்டாவது வளைவில் மூச்சை அடக்கிக்கொண்டாள். தேர்வாளர் அம்மாவின் பேனா காகிதத்துக்குப் போனது. "போச்சு," என்றாள் சாந்தாமணி முணுமுணுப்பாக.

மூன்றாவது திருப்பத்தில் அவள் எங்கள் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினாள், எங்களைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சாந்தாமணி பொத்தியிருந்தாள். அவளுக்கு அந்தப்பக்கம் நாசர் பாய் அத்தர் கைக்குட்டையோடு. ரம்ஷா துப்பட்டாவோடு. எங்கள் மாடிக்காரர்கள் அத்தனை பேரும் ஒருவர் விடாமல், துளி குப்பை இல்லாத அந்த ஐஸ் முன்னால், வரிசையாக மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போதாததற்கு, தூரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த மால்காரப் பெண் பாட்டைக் கேட்டதும் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து ரெண்டு எட்டு நடந்துவிட்டாள்.

லோகப்பிரியா பகபகவென்று சிரித்துவிட்டாள். அடக்கியிருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது, திரும்ப உள்ளே இழுத்தாள். வாடையே இல்லை! அது அவள் முகத்தில் தெரிந்தது. இழுத்து இழுத்துப் பார்த்தாள், குளிர்தான் இருந்தது. அப்புறம் அவள் ஆடினது ஆட்டம். கால் கோலத்தில் புள்ளி தப்பாமல் போனது. முகம் பாட்டு முடிகிறவரை சிரிப்பை விடவில்லை. நாங்கள் பார்க்கிற ஒவ்வொரு திருப்பத்திலும் புதிதாகச் சிரித்தாள். எங்களுக்கும் கையை எடுக்கத் தோன்றவில்லை, பொத்தினபடியே சிரித்தோம்.

"போன தடவை ஆடின அதே பெண்ணா இது?" என்று தேர்வாளர் அம்மா ஹாரிகாவிடம் கேட்டாராம். "என்ன அருமையான பாட்டு, இது எதைப் பற்றியது?"

"வயல், வானம்," என்றாளாம் ஹாரிகா.

பாஸ். வடக்கே போட்டிக்குப் போகலாம். தம்பிதுரை கண்ணாடித் தடுப்பு ஓரமாகப் போனார். "பூட்ஸைக் கழட்டாத சாமி," என்றார் மகளிடம்.

"ஊட்டுக்குப் போறதுக்காவது கழட்டோணும்ப்பா," என்றாள் அவள்.

திரும்பி வந்தபோது கேட்டுக்கு வெளியிலேயே எல்லாரும் நின்றுவிட்டோம். நாங்கள் அத்தனை பேரும் மாலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பங்காரம்மா வந்து பாடிவிட்டுப் போயிருக்கிறாள். காலையில் கிளம்புகிற அவசரத்தில் கீழே வைத்துவிட்டுப் போன வாளிகள் அதே இடத்தில் இருந்தன, அதாவது நாய்கள் உருட்டிவிட்டது போக மிச்சம் இருந்தது. சாம்பாரும் மீன் செதிலும் கோழிக் குடலும் ஒன்றாகி வெயிலில் வெந்துகொண்டிருந்தன. வாழ்நாள் முழுக்கக் கோழிப்பண்ணையில் நின்ற தம்பிதுரையே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா லோகு," என்றார் நாசர் பாய் கைக்குட்டைக்குள்ளிருந்து, "அந்தப் பாட்டைச் சித்தே சத்தமா வெச்சு விடு. பங்காரம்மா பக்கத்துத் தெருவுல இருந்தா திரும்பி வந்தாலும் வரும்."

லோகப்பிரியா ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை உயர்த்திப் பிடித்துப் பாட்டைப் போட்டாள். பங்காரம்மா வரவில்லை. எதிர் அபார்ட்மென்ட்டிலிருந்து ஏழெட்டுப் பேர் வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கேட்டை நோக்கி ஓடி வந்தார்கள்.